காட்டுப் பக்கமே போகாதவருக்கு ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஜி பாசிட்டிவ்: கொழும்பில் இது சகஜமா?

உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் இருக்கும் உங்கள் தம்பிக்கு 36 வயது. போன மாதம் காய்ச்சல் வந்து, டெங்கு என்எஸ்1 பாசிட்டிவ் ஆகி, ஒரு வாரத்தில் சுகமாகிவிட்டார். அப்போது எடுத்த காய்ச்சல் பரிசோதனைத் தொகுப்பில் ஸ்க்ரப் டைபஸ் ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று ஒரு வரி இருந்திருக்கிறது. (இரண்டும் கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கும் எதிர்ப்புப் பொருள்கள். ஐஜிஎம் தொற்றின் தொடக்கத்தில் வருவது, ஐஜிஜி அதன் பிறகும் நீண்ட காலம் நிற்பது.) இப்போதுதான் அதைக் கவனித்திருக்கிறீர்கள். அவர் கோட்டையில் அலுவலக வேலை பார்ப்பவர், காட்டுப் பக்கம் போனதே இல்லை, வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் போவதோடு சரி. நல்ல சுகத்தோடு இருப்பவர்களிடம் இப்படி வருவது சகஜமா, மருந்து எடுக்க வேண்டுமா, வீட்டில் மற்றவர்களும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். சகஜம்தான். இந்த நோய் உலவும் நாடுகளில், நீங்கள் நினைப்பதைவிடவும் சகஜம். மருந்து வேண்டாம். வீட்டில் மற்றவர்களுக்குச் சோதனையும் வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதுதான் கொஞ்சம் நீளம். நான் நோயாளி பார்க்கும் வைத்தியர் இல்லை. கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடத்தில், இந்த வகை எதிர்ப்புப் பொருள் சோதனைகளோடே பல வருடங்களாக வேலை செய்பவன். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள எழுத்துக்கு என்ன பொருள் என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். உங்கள் தம்பியின் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் அவரைப் பார்த்த டொக்டர்தான்.

நோயைப் பற்றி முதலில். இதைக் கொடுக்கும் கிருமியின் பெயர் ஓரியென்ஷியா சுட்சுகமுஷி. இதைப் பரப்புவது மைட் எனப்படும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பூச்சி தன் வாழ்நாளில் குஞ்சுப் பருவத்தில் மட்டும்தான் விலங்கைக் கடிக்கும், அதுவும் ஒரே ஒரு முறை. வளர்ந்த பிறகு மண்ணிலே வேறு சிறு பூச்சிகளின் முட்டையைத் தின்று வாழும். அப்படியென்றால் கிருமி எப்படித் தொடர்கிறது? தாய்ப்பூச்சியிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்குப் போகிறது. எலி இந்தப் பூச்சிக்கு உணவும் வாகனமும். நேராக எலியிடமிருந்து மனிதனுக்கு வருவதில்லை, மனிதனிடமிருந்து மனிதனுக்கும் வருவதில்லை. கிருமி இப்படித் தாய்வழி போவதால் ஒரு புல்வெளியின் ஒரு மூலையில் கிருமி சுமக்கும் பூச்சிகள் நிறைய இருக்கும், பத்து மீட்டர் தள்ளி ஒன்றும் இருக்காது. ஒரே தெருவில் ஒருவருக்கு வந்து அடுத்த வீட்டுக்காரருக்கு வராமல் இருப்பது இதனால்தான்.

'காட்டுக்கே போகவில்லை' என்ற வாதம் இந்த நோய்க்குப் பெரிதாக எடுபடாததற்கும் காரணம் இதுவே. இந்தப் பூச்சிக்கு அடர்ந்த காடு தேவையில்லை. காடு வெட்டிய இடத்தில் முளைத்த புல், கைவிட்ட காணி, வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம், தோட்ட வேலிக்கு அருகில் குவித்த சருகு, இவையே அதற்குப் பிடித்தமான இடங்கள். யாழ்ப்பாணத்தில் சொந்த வீட்டுக் கிணற்றடியில், மாரி முடிந்து புல் வளர்ந்திருக்கும்போது, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் துப்புரவாக்கிய ஒரு மாலை நேரம் போதும். உங்கள் தம்பிக்கு அப்படித்தான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கே, எப்போது கடித்தது என்பதை அந்த ஒரு வரி ரிப்போர்ட்டிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. 'போயிருக்கவே முடியாது' என்பதும் அதே அளவு சொல்ல முடியாதது என்பதுதான் என் கருத்து.

சரி, சுகமாக இருக்கும் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இப்படி இருக்கும்? இந்த நோய் உலவும் ஆசிய நாடுகளில் செய்யப்பட்ட குருதி ஆய்வுகளைத் திரட்டி 2017-ல் வெளிவந்த ஒரு மீளாய்வு, சுமார் 9 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை என்றும், நடு எண் 22 சதவீதம் அளவில் என்றும் சொன்னது. அதாவது ஐந்து பேரில் ஒருவர். இவர்கள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் இல்லை, ஊரில் சும்மா இருந்தவர்கள். பெரும்பாலானவர்களுக்குத் தங்களுக்கு இது வந்துபோனதே தெரியாது.

எப்படித் தெரியாமல் இருக்கும் என்று கேட்பீர்கள். இதற்கு மிக நல்ல பதில் நமக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்திருக்கிறது. அங்கே 2020 முதல் இரண்டு வருடம் 30,000-க்கும் மேற்பட்டவர்களை வீடு வீடாகத் தொடர்ந்து பார்த்தார்கள். யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் குருதி எடுத்தார்கள். அதோடு ஒரு பகுதியினரிடம் காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட இடைவெளியில் குருதி எடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு ஆயிரம் பேரில் சுமார் 80 பேருக்குப் புதிதாகத் தொற்று ஏற்பட்ட அடையாளம் குருதியில் தெரிந்தது. ஆனால் ஸ்க்ரப் டைபஸ் என்று சொல்லும்படி காய்ச்சலாக வந்தது ஆயிரத்துக்கு 6 பேர் அளவில்தான். பத்துப் பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் காய்ச்சல் என்று எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் உடம்பு கொஞ்சம் அலுப்பாக இருக்கிறது என்று ஒரு பனடோலைப் போட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பார்கள், அல்லது ஒன்றுமே உணர்ந்திருக்க மாட்டார்கள். அதே ஆய்வில் காய்ச்சலாக வந்தவர்களில் சிலர் தீவிரமாகி, சிலர் இறந்தும் போனார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்குச் சாதாரணமாகப் போய்விடுவதால் இது சாதாரண நோய் ஆகிவிடாது.

வேலூர்க் கணக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கொழும்பின் மேல் வைக்க முடியாது. அந்தக் கிராமங்கள் வயலும் புதருமாக இருக்கும் இடங்கள். கொழும்போடு ஒப்பிட எனக்குப் பொருத்தமாகப் படுவது லாவோஸின் தலைநகர் வியன்டியானில் செய்த ஆய்வு. 35 வயதுக்கு மேற்பட்ட சுமார் 2,000 பேரிடம் குருதி எடுத்தார்கள். ஸ்க்ரப் டைபஸ் எதிர்ப்புப் பொருள் 20 சதவீதத்தினரிடம் இருந்தது. எலித் தெள்ளு பரப்பும் மியூரைன் டைபஸின் எதிர்ப்புப் பொருளும் ஏறக்குறைய அதே 20 சதவீதம். ஆனால் இரண்டும் நகரத்தின் இரு வேறு பக்கங்களில் இருந்தன. கட்டடங்கள் நெருங்கிய பழைய நகர மையத்தில் மியூரைன் டைபஸ், வீடுகள் தள்ளித்தள்ளி இருக்கும் புறநகர் விளிம்பில் ஸ்க்ரப் டைபஸ். ஒரே நகரம், ஒரே சதவீதம், உள்ளே படம் முற்றிலும் வேறு. இந்த ஆய்வை முதன்முதலில் படித்தபோது என் மனதில் ஓடியது புறக்கோட்டையும் கொட்டாஞ்சேனையும் ஒரு பக்கம், அவிசாவளை, ஹங்வெல்ல, பாதுக்கை மறுபக்கம் என்ற படம்தான். கொழும்பு மாவட்டம் என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் துறைமுகப் பண்டகசாலையும் இருக்கிறது, இறப்பர்த் தோட்டமும் இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே தலங்கம, பெல்லன்வில, தியவன்னா ஓரம் என்று சதுப்பு நிலங்களும் உண்டு. 2018-ல் ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் ஈரநில நகரம் என்று கொழும்புக்கு அங்கீகாரமே கிடைத்தது. புல்லும் எலியும் ஈரமும் சேரும் விளிம்பு இங்கே நிறைய இருக்கிறது. அது மட்டுமே பூச்சியில் கிருமி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது, இதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொரு சிக்கல், கொழும்பில் இருப்பவர்கள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் இல்லை. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, பதுளை, ஹம்பாந்தோட்டை என்று எல்லா மண்ணையும் மிதித்தவர்கள்தான் இங்கே வாடகை வீட்டில் இருக்கிறார்கள். வெள்ளவத்தையில் நூறு பேரிடம் குருதி எடுத்து இருபது பேருக்குப் பாசிட்டிவ் வந்தால், அது வெள்ளவத்தை மண்ணின் கதையா, தீவு முழுவதன் கதையா? ஆகவே யாராவது உங்களுக்குக் 'கொழும்பில் இத்தனை சதவீதம்' என்று ஒற்றை எண் சொன்னால், யாரிடம் எடுத்தார்கள், எந்த வயது, எந்தச் சோதனை, எந்த வெட்டுப்புள்ளி (எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்று வைத்த எல்லை) என்று கேளுங்கள். இரத்த தானம் செய்ய வருபவர்களிடம் எடுத்த எண்ணும் வீடு வீடாகப் போய் எடுத்த எண்ணும் ஒன்றாக இருக்காது. தானம் கொடுப்பவர்களில் இளவயதினரும் ஆண்களும் அதிகம், அண்மையில் காய்ச்சல் வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

வெட்டுப்புள்ளி என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் கிட்டப் போய்க் காட்டுகிறேன். இதை நேரில் செய்யாதவர்களுக்குப் பாசிட்டிவ் என்ற சொல் கல்வெட்டுப் போலத் தெரியும். இந்த நோய்க்கு உரைகல்லாக வைத்திருக்கும் சோதனையின் பெயர் ஐஎஃப்ஏ. கண்ணாடித் தகட்டில் சிறு வட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு வட்டத்திலும் கார்ப், கட்டோ, கில்லியம் என்ற கிருமி வகைகளைப் படிய வைத்திருப்பார்கள். நோயாளியின் சீரத்தை 64-ல் ஒன்று, 128-ல் ஒன்று, 256-ல் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கச் செய்து ஒவ்வொரு வட்டத்திலும் விட்டு, ஒளிரும் சாயம் ஏற்றி, இருட்டறையில் நுணுக்குக்காட்டியில் பார்ப்போம். எதிர்ப்புப் பொருள் நிறைய இருந்தால் கடுகிலும் பல மடங்கு சிறிய பச்சைப் பொட்டுகள் கறுப்புப் பின்னணியில் பளிச்சென்று தெரியும். சந்தேகமே வராது. ஆனால் 64-ல் மங்கலாகப் பச்சை, 128-ல் இருக்கிறது போலவும் இல்லாதது போலவும் என்று வரும் தகடுகளும் உண்டு. அனுபவமுள்ள இருவர் பார்த்து இரண்டு விடை சொல்லக்கூடிய தகடுகள் அவை. எந்த நீர்ப்பிலிருந்து பாசிட்டிவ் என்று சொல்வது என்பதில் உலகம் முழுவதற்கும் ஒரே முடிவு இன்றுவரை இல்லை. ஒரு நாட்டில் 50, இன்னொரு நாட்டில் 200, வேறொரு இடத்தில் 400. வெட்டுப்புள்ளியைக் கீழே இறக்கினால் ஊரில் பாதிப் பேர் பாசிட்டிவ், மேலே ஏற்றினால் உண்மையான நோயாளிகளும் நழுவிப் போவார்கள். தனியார் ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் செய்வது எலைசா (எதிர்ப்புப் பொருளை நிறமாற்றத்தால் அளக்கும் கருவிச் சோதனை) அல்லது கையடக்கத் துரிதச் சோதனைப் பட்டி. அதிலும் பிரச்சினை இதேதான். பட்டியில் மெல்லிய கோடு வந்தால் அது கோடா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் நிலைமை.

சரியான வெட்டுப்புள்ளி எங்கே என்பதைத் தீர்மானிக்க ஒரே வழி, அந்தந்த ஊரில் நோயில்லாத, சுகமாக இருக்கும் பெரியவர்களின் குருதியில் இந்த எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் அளப்பது. அதற்கு மேலே இருப்பதைத்தான் நோய் என்று சொல்ல முடியும். உங்கள் கேள்வி வெறும் ஆவல் கேள்வி போலத் தெரியலாம். என் பார்வையில் இந்த நோயின் பரிசோதனை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது. சுகதேகிகளின் அடிமட்டம் தெரியாமல் காய்ச்சல்காரரின் ரிப்போர்ட்டை வாசிக்க முடியாது.

இதை ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். இவை விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள், எந்த ஆய்விலிருந்தும் இல்லை. ஐஜிஎம் சோதனை உண்மையான நோயாளிகளில் 90 சதவீதத்தினரைப் பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 5 சதவீதத்தினரிடம் பழைய மிச்சத்தால் பாசிட்டிவ் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். நோய் அதிகமுள்ள ஓர் இடத்தில், அது உச்சத்தில் இருக்கும் காலத்தில் காய்ச்சலோடு வரும் 1,000 பேரில் 200 பேருக்கு உண்மையிலேயே ஸ்க்ரப் டைபஸ் என்றால், சரியான பாசிட்டிவ் 180, தவறான பாசிட்டிவ் 40. பாசிட்டிவ் வந்த ஐந்து பேரில் நால்வருக்கு நோய் உண்டு. அதே சோதனையை நோய் அரிதாக உள்ள இடத்தில், 1,000 பேரில் 20 பேருக்குத்தான் நோய் என்ற நிலையில் செய்தால், சரியான பாசிட்டிவ் 18, தவறானது 49. இப்போது பாசிட்டிவ் வந்தவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான் நோய். பெட்டி அதே, பட்டி அதே, கோடும் அதே. பொருள்தான் தலைகீழ். டெங்கு பரவும் காலத்தில் கொழும்பில் எல்லோருக்கும் தொகுப்பாகச் சோதனை எழுதிவிட்டு, வந்த பாசிட்டிவ் அத்தனைக்கும் மருந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். டெங்குக்காரரிடம் தட்டணுக்களைக் கவனிக்க வேண்டிய நாளில் கவனம் வேறு பக்கம் போய்விடும்.

உங்கள் தம்பியின் ரிப்போர்ட்டில் ஐஜிஎம் நெகட்டிவ், ஐஜிஜி பாசிட்டிவ். காய்ச்சலுக்கு டெங்கு என்ற தெளிவான காரணம் இருந்தது. அந்த டெங்கோடு இந்த ஐஜிஜிக்குச் சம்பந்தம் இருப்பதாகத் தெரியவில்லை. கடந்த காலத்தில் எப்போதோ உடம்பு இந்தக் கிருமியைச் சந்தித்திருக்கிறது என்பதற்கு மேல் அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை. எவ்வளவு காலத்துக்கு முன்? இங்கேதான் உறுதி குறைகிறது. 1980-ல் மலேசியாவில், நோய் உறுதியானவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஐஎஃப்ஏ அளவு ஒரு வருடத்துக்குள்ளேயே வெட்டுப்புள்ளிக்குக் கீழே போய்விட்டது. எலைசா போன்ற இப்போதைய சோதனைகளில் ஐஜிஜி சில வருடங்கள் நீடிப்பதும் தெரிய வந்திருக்கிறது. ஐஜிஎம் சில மாதங்களில் போய்விடும் என்று பாடப்புத்தகம் சொன்னாலும் ஒரு வருடம் வரை ஒட்டிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. நோயுள்ள ஊரிலேயே வாழ்பவர்களை அந்தப் பூச்சி திரும்பத் திரும்பக் கடிப்பதால் அளவு இறங்கவே வாய்ப்பில்லாமல் போகிறது. வயது ஏற ஏற அப்படிப்பட்ட ஊர்களில் சதவீதமும் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே 'ஐந்து பேரில் ஒருவர்' என்ற எண் வாழ்நாளில் ஒருமுறையாவது தொற்றியவர்களின் எண்ணிக்கை இல்லை. குருதியில் இன்னும் அடையாளம் மிச்சமிருப்பவர்களின் எண்ணிக்கை. உண்மையில் தொற்றியவர்கள் அதைவிட அதிகம்.

இது பாதுகாப்பா, இனி வராதா என்றும் யாராவது கேட்பார்கள். வரும். அதே வகைக் கிருமிக்கு எதிராக இரண்டு மூன்று வருடம் அளவில் பாதுகாப்பு இருக்கலாம், வேறு வகைக்கு எதிராகச் சில மாதம்தான். உலகில் இந்தக் கிருமிக்குப் பல வகைகள் உண்டு, தடுப்பூசி இன்னும் இல்லை. கிருமி உடம்புக்குள்ளேயே ஒளிந்திருக்குமா என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. 1950-களின் தொடக்கத்தில், குணமாகி ஒரு வருடத்துக்கும் மேலான சிலரின் நிணநீர் முடிச்சிலிருந்து கிருமியை வளர்த்தெடுத்தது உண்மை. அதனால் அவர்களுக்கோ பிறருக்கோ ஏதேனும் தீங்கு உண்டா என்பது தெளிவாக நிறுவப்படவில்லை. சுகமாக இருப்பவருக்கு ஐஜிஜியைப் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கம் எங்கேயும் இல்லை.

இலங்கை நிலவரத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்த நோய் நமக்குப் புதிதில்லை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பர்மா முனையிலும் இலங்கைக் காடுகளில் பயிற்சி எடுத்த படையினரிடையிலும் இது நிறையப் பேரைப் படுக்கையில் தள்ளியது. அப்புறம் பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகப் பேசவில்லை. 2000-க்குப் பின்புதான் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. பொதுவாகச் சொன்னால் யாழ்ப்பாணம் உள்ளிட்ட வறண்ட, தாழ்நிலப் பகுதிகளில் ஸ்க்ரப் டைபஸ் அதிகம். கண்டியைச் சூழ்ந்த மலைப்பகுதியில் உண்ணி பரப்பும் புள்ளிக் காய்ச்சல் அதிகம். மேல் மாகாணத்திலும் ஸ்க்ரப் டைபஸ் உண்டு. ராகம மருத்துவர்கள் 2006-லேயே, காய்ச்சலோடு காது கேட்காமல் போன நோயாளிகளில் இது காரணமாக இருந்ததை எழுதி உலகத்துக்குச் சொன்னார்கள். காலியில் கராப்பிட்டிய ஆஸ்பத்திரிக்கு 2007-ல் காய்ச்சலோடு வந்தவர்களில் சுமார் 18 சதவீதத்தினருக்கு ஏதோ ஒரு ரிக்கெட்சியா வகைத் தொற்று (ஸ்க்ரப் டைபஸ், மியூரைன் டைபஸ், புள்ளிக் காய்ச்சல் எல்லாம் அடங்கிய குடும்பம்) இருந்தது. அதில் பெரும்பகுதி புள்ளிக் காய்ச்சல் வகை, ஸ்க்ரப் டைபஸ் சிறு பங்கு. அந்த நோயாளிகள் வார்டில் படுத்திருந்தபோது இது யாருக்கும் தோன்றவில்லை என்பதுதான் அதில் எனக்கு மனதைத் தைத்த விஷயம்.

நம் நாட்டில் டைபஸ் அறிவிக்க வேண்டிய நோய். எம்ஓஎச் (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் மாவட்ட வாரியாக வரும். அதில் யாழ்ப்பாணத்துக்கு நேரே எண் பெரிதாகவும் கொழும்புக்கு நேரே ஒன்று, இரண்டு, பூச்சியம் என்றும் இருப்பதைப் பார்த்து 'கொழும்பில் இல்லை' என்று முடிவு கட்டக்கூடாது. அந்த நிரலில் ஸ்க்ரப், மியூரைன், புள்ளிக் காய்ச்சல் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தே இருக்கும். அதோடு சந்தேகப்பட்டுச் சோதித்தால்தான் எண் வரும். கொழும்பில் காய்ச்சல் என்றால் முதலில் டெங்கு, மழைக்குப் பின் எலிக்காய்ச்சல், இழுத்துக்கொண்டே போனால் நெருப்புக் காய்ச்சல். நாலாவது பெயர் ஒருவர் வாயிலும் வருவதில்லை.

இவ்வளவும் சொன்னது பயத்தைக் குறைக்க. ஒரு நிலைமையில் மட்டும் பயம் தேவை, அதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டுகிறது, டெங்கு இல்லை என்று வந்துவிட்டது, கடுமையான தலைவலி, உடம்பு நோவு, வறட்டு இருமல், அதற்கு முந்தைய ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் ஊருக்கோ தோட்டத்துக்கோ போன வரலாறு இருக்கிறது என்றால், உடம்பு முழுவதையும் துணி விலக்கிப் பார்க்க வேண்டும். கடித்த இடத்தில் ஒரு சிறு காயம் இருக்கும். நடுவில் கறுத்த பொருக்கு, சுற்றிச் சிவந்த விளிம்பு, சிகரெட்டால் சுட்டது போல. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குளில், பெண்களுக்கு மார்பகத்தின் கீழே, தொடை இடுக்கில், இடுப்பில் உடை இறுகும் கோட்டில், முழங்காலுக்குப் பின்னே இருக்கும். கறுத்த தோலில் கண்டுபிடிப்பது இன்னும் கடினம், நல்ல வெளிச்சம் வேண்டும். எல்லோருக்கும் இந்தக் காயம் வருவதில்லை, இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகாது. இருந்தால் மட்டும் அது எந்த ஐஜிஎம் ரிப்போர்ட்டையும் விட வலுவான சாட்சி. அந்தப் பொருக்கிலிருந்து எடுத்த துணுக்கில் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை) செய்தால் நேரடியாகவே கிருமியைக் காட்டலாம்.

அப்படிப்பட்ட காய்ச்சலில் சோதனை முடிவுக்காகக் காத்திருப்பது ஆபத்து. முதல் வாரத்தில் எதிர்ப்புப் பொருள் இன்னும் உருவாகியே இருக்காது, நெகட்டிவ் வந்து ஏமாற்றும். டொக்சிசைக்ளின், அல்லது கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின், பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சலை இறக்கிவிடும். அமொக்சிசிலின், செஃப்ட்ரியாக்சோன் போன்றவை எவ்வளவு கொடுத்தாலும் இந்தக் கிருமியைத் தொடாது. தீவிரமாகிவிட்டவர்களுக்கு இரண்டு மருந்தையும் சேர்த்து நாளம் வழியாகக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-ல் இந்தியாவில் நடந்த ஒரு பெரிய ஒப்பீட்டு ஆய்வு காட்டியது. மருந்து எது, எவ்வளவு என்பது வைத்தியரின் முடிவு. பாமசியில் நீங்களே கேட்டு வாங்குவதற்காக இதை எழுதவில்லை. 'ஊருக்குப் போய் வந்தேன், ஸ்க்ரப் டைபஸாக இருக்குமா டொக்டர்?' என்று ஒரு வரி கேட்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

சோதனை செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் ஒற்றை மாதிரியோடு நிற்காமல், இரண்டு வாரம் கழித்து இன்னொரு மாதிரியும் கொடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே நாளில், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அளவு நான்கு மடங்கோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் அது இப்போதைய நோய். ஏறாமல் அப்படியே இருந்தால் பழைய கதை. பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ரிக்கெட்சியாவுக்கான ஐஎஃப்ஏ வசதி உண்டு. சில இடங்களில் இன்னமும் வெயில் ஃபீலிக்ஸ் என்ற பழைய சோதனை எழுதிக் கொடுக்கிறார்கள். அது உண்மையான நோயாளிகளில் பெரும்பகுதியைத் தவறவிடும், வேறு தொற்றுகளிலும் பாசிட்டிவ் காட்டும். அதை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது. காசு கொடுத்துச் செய்ய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

உங்கள் வீட்டில் மற்றவர்கள் இப்போது சோதித்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அம்மாவுக்குப் பாசிட்டிவ் வரலாம், அப்பாவுக்கு நெகட்டிவ் வரலாம். இரண்டுக்கும் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. தம்பியின் மருத்துவக் கோப்பில் இந்த ரிப்போர்ட்டைத் தேதியோடு வைத்திருங்கள். பின்னால் என்றாவது அவருக்குக் காய்ச்சல் வந்து இதே சோதனையில் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்தால், இது பழையது என்று அந்த டொக்டருக்குச் சொல்ல உதவும். ரிப்போர்ட்டில் பாசிட்டிவ் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஏதாவது எண் போட்டிருக்கிறார்களா, எந்த முறை என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். இருந்தால் பெயரை மறைத்துவிட்டு அந்த வரியை மட்டும் இங்கே எழுதுங்கள். அந்த எண் வெட்டுப்புள்ளிக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதையாவது சொல்ல முடியும்.